முதலில் ஓட்டையை அடைப்போம்!

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

ஓட்டைக் குடத்தில் நீர் நிற்காது. இதை அறிந்துகொள்ள எந்தக் கல்லூரிக்கும் போக வேண்டுவதில்லை. இரவு நிரப்பி வைத்த குடம் காலையில் பாதியாகிக் கிடந்தால், நம் தாய்மார்கள் இன்னும் பெரிய குடம் வாங்கக் கடைக்கு ஓடுவதில்லை. குடத்தைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கின்றார்கள். ஆனால் அதே வீட்டில் குளிர்ச்சி நிற்கவில்லை என்றால் மட்டும் ஓட்டை எங்கே என்று ஒருவரும் தேடுவதில்லை. "ஒரு டன் போதவில்லை, ஒன்றரை டன் வாங்கிவிடுவோம்" என்று கிளம்பிவிடுகின்றோம். நீருக்கு ஒரு நியாயம், காற்றுக்கு ஒரு நியாயமா?

குளிர்சாதன எந்திரத்தைப் பற்றி எழுதப் பொருளியல் மாணவனுக்கு என்ன தகுதி என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். நான் எந்திரத்தைப் பற்றி எழுத வரவில்லை. வீண்செலவைப் பற்றி எழுத வந்திருக்கின்றேன். அது என் பாடத்திற்குள் அடங்கும் என்றே நம்புகின்றேன். மேலும், இதை நான் நூலகத்தில் கற்கவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தின் கூரைக்குள், எலிப் புழுக்கைகளுக்கு நடுவே முழங்காலிட்டுக் கற்றேன்.

மண்டபத்துக் கூரைக்குள்

2023ஆம் ஆண்டுக் கோடை. மேல்நிலைத் தேர்வு முடிந்து வீட்டில் சும்மா இருந்தேன். என் தாய்மாமா ஏ.சி. மெக்கானிக். "கையாள் வரல மாப்ள, நாலு நாள் கூட வா" என்று அழைத்தார். ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

நாங்கள் போன மண்டபத்தில் குளிர்ந்த காற்று தகரக் குழாய்களின் வழியாகச் செல்லும். டக்ட் என்று சொல்லப்படும் அந்தக் காற்றுக் குழாய்கள் பொய்க் கூரைக்கு மேலே மறைந்து ஓடும். கீழே நமக்குத் தெரிவதெல்லாம் சதுரச் சதுரமான காற்று வாய்கள்தாம். மண்டபத்துக்காரரின் முறையீடு எளியது. மணமேடைப் பக்கம் குளிர்கிறது. பின்வரிசையில் அமர்ந்தவர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொள்கிறார்கள். இன்னோர் எந்திரம் வைத்தால் சரியாகும் என்று அவரே முடிவு கட்டி, விலைப்பட்டியலும் வாங்கி வைத்திருந்தார். மாமா "ஆமாம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். விற்பனையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

மாமா ஆமாம் என்று சொல்லவில்லை. "ஒரு மணி நேரம் குடுங்கண்ணே, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

முதலில் ஒரு வெப்பமானியை எடுத்தார். எந்திரத்திலிருந்து காற்று வெளியேறும் இடத்தில் 14 டிகிரி. மேடைக்கு மேலுள்ள காற்று வாயில் 15 டிகிரி. கடைசி வாயில் 21 டிகிரி! "பொறப்படும்போது பதினாலு, போய்ச் சேரும்போது இருபத்தொண்ணு. வழியில என்னமோ நடக்குது மாப்ள" என்றார். அடுத்து ஒரு மெல்லிய காகிதத் துண்டை ஒவ்வொரு வாய்க்கு எதிரிலும் பிடித்தார். மேடைப் பக்கம் காகிதம் படபடத்தது. கடைசி வாயில் அது அசைந்ததா, என் மூச்சுக் காற்றில் ஆடியதா என்று எனக்கே ஐயம். ஆக, காற்று சூடாகவும் வருகின்றது, குறைவாகவும் வருகின்றது.

பிறகு பொய்க் கூரையின் ஒரு பலகையை நகர்த்தி இருவரும் மேலே ஏறினோம். சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரைக்கு அடியில் வெந்து போவோம் என்று நினைத்திருந்தேன். அங்கோ மார்கழி மாதம்! கீழே முந்நூறு பேருக்கு வர வேண்டிய குளிர்ச்சி மேலே எலிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மாமா ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி என்னிடம் கொடுத்தார். குழாயின் இணைப்புகளை ஒட்டி அதை மெதுவாக நகர்த்தச் சொன்னார். காற்று போகும் குழாயின் ஓர் இணைப்பில் புகை பிய்த்துக்கொண்டு பறந்தது. அங்கே இரு தகரத் துண்டுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விரல் அகலம் விலகியிருந்தன. எந்திரத்தையும் குழாயையும் சேர்க்கும் கித்தான் உறை கிழிந்து தொங்கியது. காற்று எந்திரத்துக்குத் திரும்பி வரும் குழாயருகே கொண்டு போனபோது வேறொரு வேடிக்கை. புகை வெளியே பறக்கவில்லை, உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டது.

இதன் பொருளை மாமா விளக்கினார். போகும் குழாயில் ஓட்டை இருந்தால் குளிர்ந்த காற்று வீணாகின்றது. திரும்பும் குழாயில் ஓட்டை இருந்தால் கூரையடிச் சூடும் தூசியும் எந்திரத்துக்குள் போகின்றன. அந்தச் சூட்டையும் சேர்த்து எந்திரம் குளிரவைக்க வேண்டும். முன்னது பெற்ற பணத்தைத் தொலைப்பது. பின்னது பெறாத கடனுக்கு வட்டி கட்டுவது. குழாயைச் சுற்றிய கண்ணாடிப் பஞ்சில் சில இடங்களில் கறுப்புக் கோடுகள் இருந்தன. அவை தூசிக் கோடுகள். பஞ்சின் வழியே காற்று கசிந்து கசிந்து, தூசியை அங்கேயே வடிகட்டி வைத்திருந்தது. விளக்கை அடித்துப் பார்த்தால் கசிவு தன் கையெழுத்தைத் தானே போட்டு வைத்திருந்தது.

அன்று மாலைக்குள் வேலை முடிந்தது. விலகிய இணைப்பை இழுத்துச் சேர்த்துத் திருகாணி போட்டு, இடையில் ரப்பர் பட்டை வைத்து, மாஸ்டிக் என்னும் பசையைத் தூரிகையால் பூசி, கித்தானை மாற்றி, பஞ்சைத் திரும்பச் சுற்றினோம். கடைசி வாயில் 16 டிகிரி. காகிதம் படபடத்தது. புதிய எந்திரம் தேவைப்படவில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்த செய்தி. கூலியைக் கேட்டதும் மண்டபத்துக்காரர் முகம் மாறியது. "என்னப்பா, புதுச் சாமான் ஒண்ணும் போடல, ஒட்டுப் போட்டதுக்கா இவ்வளவு?" என்றார். பேரம் பேசி, கேட்டதில் முக்கால் பங்கைத்தான் கொடுத்தார். சில இலட்சங்களை மிச்சப்படுத்திக் கொடுத்தவனிடம் சில நூறு ரூபாய்க்குப் பேரம்! திரும்பும் வழியில் டீக்கடையில் மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்: "மெஷின் வித்துக் குடுத்திருந்தா கமிஷனும் கெடச்சிருக்கும், டிபனும் போட்டிருப்பாரு."

அந்தச் சிரிப்புத்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

அமெரிக்கர் கற்ற பாடம்

காற்றுக் குழாய்க் கசிவு நம் மண்டபத்துக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்க நாட்டில் பல வீடுகளில் இத்தகைய குழாய்கள் உண்டு. கோடையில் குளிர்ந்த காற்றும் பனிக்காலத்தில் வெந்த காற்றும் அவற்றின் வழியே அறைகளுக்குச் செல்லும். 1973ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தன. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அதுவரை அந்நாட்டில் ஓட்டையைத் தேடியவர் மிகச் சிலரே. அதன் பின்னரே பரவலாகத் தேடத் தொடங்கினர்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆர்தர் ரோசன்ஃபெல்டு என்றோர் இயற்பியலறிஞர் இருந்தார். புகழ்பெற்ற என்ரிக்கோ ஃபெர்மியின் மாணவர், அணுத்துகள் ஆராய்ச்சியாளர். 1973 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வீட்டுக்குப் புறப்படுமுன் தம் தளத்து அறைகளில் ஆளின்றி எரிந்த விளக்குகளை அணைக்கப் புகுந்தார். சுவிட்சுகளைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்றாம். பல சுவிட்சுகள் அலமாரிகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் பின்னால் மறைந்து கிடந்தன. அணைக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வராததால், அணைக்கும் இடமே மறந்து போயிருந்தது! துகள் ஆராய்ச்சியை விட்டு, தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் மின்சிக்கனத்துக்கே அவர் தந்தார். 2017இல் மறைந்தார்.

அதே காலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்னும் குடியிருப்பை ஆராய்ந்தனர். ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள். ஆயினும் ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் எரிபொருட் செலவு பெரிதும் வேறுபட்டது. பரண்மேல் பஞ்சு மெத்தையாகப் பரப்பியிருந்தும் சூடு தப்பியோடியது. காரணம், பஞ்சைச் சுற்றிக்கொண்டு போகும் இரகசிய வழிகள். புகைபோக்கியைச் சுற்றியும் இரு வீட்டுப் பொதுச் சுவரின் ஓரத்திலும் இருந்த இடைவெளிகள் சுருங்கை வழிகளாகி, வெந்த காற்றை மேலே கொண்டுபோய் விட்டன.

இவ்வாறு ஒளிந்திருக்கும் வழிகளைக் கண்டுபிடிக்கவே, வாசற்கதவில் விசிறியைப் பொருத்தும் சோதனை பரவியது. மற்றக் கதவு சாளரங்களை அடைத்துவிட்டு, விசிறியால் வீட்டுக் காற்றை வெளியே இழுப்பார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வரும் வரை இழுப்பார்கள். 50 பாஸ்கல் என்பது ஐந்து மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தந்தான். அதற்கே ஒவ்வோர் இடுக்கும் சீழ்க்கை அடிக்கத் தொடங்கும். குழாய்க்குத் தனிச் சோதனை உண்டு. எல்லாக் காற்று வாய்களையும் ஒட்டி மூடிவிட்டு, சிறு விசிறியால் குழாய்க்குள் 25 பாஸ்கல் அழுத்தத்தை உண்டாக்குவார்கள். அடைத்த குழாயில் அந்த அழுத்தத்தை நிலைநிறுத்த எவ்வளவு காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டுமோ, அவ்வளவு காற்று கசிகின்றது என்று பொருள். இதைவிட எளிய தருக்கம் உண்டா?

அந்நாட்டு அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் கூறும் கணக்கைக் கேளுங்கள். ஒரு சாதாரண வீட்டில், குழாய்வழிச் செல்லும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை ஓட்டைகளாலும் சரியாகப் பொருந்தாத இணைப்புகளாலும் வீணாகின்றது. நான்கு பேருக்குச் சமைத்து ஒருவர் பங்கைச் சாக்கடையில் கொட்டுவது போன்றது இது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டக்ட் டேப் என்று பெயரிட்டு உலகெங்கும் ஓர் ஒட்டுநாடா விற்கின்றார்கள். பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த மாக்ஸ் ஷெர்மனும் இயான் வாக்கரும் பலவகை ஒட்டுப்பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் வைத்துச் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டனர். பெயரில் டக்டைச் சுமக்கும் அந்த நாடா, டக்டில் மட்டும் நிலைக்கவில்லை! பசை காய்ந்து கழன்றுவிட்டது. மாமா தூரிகையால் பூசிய மாஸ்டிக் நிலைத்து நின்றது. பெயரைப் பார்த்துப் பொருளை வாங்காதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் வீட்டு ஓட்டைகள்

"நம் வீடுகளில் குழாயும் இல்லை, பரணில் பஞ்சும் இல்லை, நமக்கு ஏன் இந்தப் பேச்சு?" என்று நண்பர்கள் கேட்கலாம். என் வீட்டுக் கதையைச் சொல்கின்றேன்.

பாட்டிக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு, மாமா மூலமாகப் பழைய ஒரு டன் ஏ.சி. ஒன்றை வாங்கி அவர் அறையில் வைத்தோம். ஆடம்பரத்துக்கு அன்று, படுக்கைப் புண் வராமல் இருக்க. 2023 ஏப்ரல், மே இரு மாதங்களுக்கும் சேர்த்து 540 யூனிட் ஓடியது. கட்டணம் 2,270 ரூபாய். அப்பா அட்டையை இரண்டு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த மௌனம் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றது.

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டண அட்டவணையை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். இரு மாதங்களுக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 501 யூனிட் என்றால் 1,958 ரூபாய்! ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். ஐந்நூறைத் தாண்டியதும் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும் என்பதே காரணம். எண்கள் 2024இல் மறுபடி உயர்ந்தன. ஆனால் பாடம் மாறவில்லை. வரம்பின் ஓரத்தில் நிற்கும் குடும்பத்துக்குக் கடைசி யூனிட்டே மிக விலையுயர்ந்த யூனிட். அந்தக் கடைசி யூனிட்டுகள் கதவிடுக்கு வழியாகப் போனால் பொறுக்குமா?

மண்டபத்தில் கற்றதை வீட்டில் செய்து பார்த்தேன். சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு, எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டேன். வெளிக்கதவு சாளரங்களைச் சாத்தி, பாட்டி அறையின் கதவை மட்டும் கூடத்துப் பக்கம் திறந்து வைத்தேன். மின்விசிறிகளை நிறுத்திவிட்டு ஊதுபத்தியோடு சுற்றி வந்தேன். "என்னடா ராசா, பூசையா?" என்று பாட்டி குழறலாகக் கேட்டார். "ஆமாம் பாட்டி, மின்சாரப் பூசை" என்றேன்.

புகை காட்டிய இடங்கள் இவை. சாளரத்துக்கு மேலுள்ள வென்டிலேட்டரில் இரு கண்ணாடிச் சில்லுகள் இல்லை. ஏ.சி. குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில் முட்டி நுழையும் ஓட்டை. அதை ஒரு கிழிந்த துணியால் அடைத்திருந்தோம். மரச் சாளரத்தின் கதவுகள் வற்றிச் சுருங்கி நடுவில் கோடாய் வெளிச்சம் தெரிந்தது. பிறகு எக்ஸாஸ்ட்டை நிறுத்தி, அறைக்கதவைச் சாத்தி, ஏ.சி.யை ஓடவிட்டுக் கதவருகே பத்தியைப் பிடித்தேன். கதவுக்கு அடியிலிருந்த அரை அங்குல இடைவெளி வழியே கூடத்துக்குப் புகை ஒழுகியது. குளிர்ந்த காற்று கனமானது, தரையோரமாகத்தான் தப்பியோடும்.

சில்லுகளுக்குப் பதில் நெகிழித் தகடு வைத்தேன். குழாய் ஓட்டையை எம்சீல் கொண்டு அடைத்தேன். பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டிக் கதவின் அடியில் ஆணி அடித்தேன். சாளரத்தின் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினேன். குளிர்பெட்டியின் கதவிடுக்கில் பத்து ரூபாய்த் தாளை வைத்துச் சாத்தி இழுத்தேன். ஒரு மூலையில் எதிர்ப்பே இல்லாமல் வந்துவிட்டது. அங்கே ரப்பர் செத்துப் போயிருந்தது, மாற்றினோம்.

ஓட்டை என்பது துளை மட்டுமன்று என்பதையும் அப்போது உணர்ந்தேன். கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் அறைக்குள் உமிழ்கின்றது. அதுவும் ஒரு கசிவுதான். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். மேற்குச் சாளரத்துக்கு உள்ளே திரை போடாமல், வெளியே கீற்றுத் தட்டி கட்டினோம். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை போடுவது, திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு வாசலைத் தாழிடுவது போன்றதல்லவா? ஏ.சி.யை 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டோம். ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு.

எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவு ஓராயிரத்தைச் சிறிது தாண்டியது. அடுத்த ஆண்டு அதே ஏப்ரல், மே மாதங்களில் 470 யூனிட். கட்டணம் 1,545 ரூபாய். 725 ரூபாய் குறைந்தது. இதில் சுண்ணாம்பின் பங்கு எவ்வளவு, ட்யூபின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவியில்லை. ஆனால் 2024ஆம் ஆண்டுக் கோடை முந்தியதைவிடக் கனிவானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாட்டி அந்தக் கோடையைப் புண்ணின்றிக் கடந்தார். அதுவே எங்கள் வீட்டுக் கணக்கில் முதல் வரவு.

பனிக்கட்டி சொல்லும் வரலாறு

சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று வழங்கப்பட்டு, இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1842இல் அது கட்டப்பட்டது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை அங்கே சேமித்து விற்றார். அவர் 1833இல் கல்கத்தாவுக்கு முதன்முதலாக அனுப்பிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன், நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின்னும், நிலநடுக்கோட்டை இருமுறை கடந்தும் உருகாமல் வந்து சேர்ந்தது. அந்தக் கப்பலில் எந்த எந்திரமும் இல்லை. மரப்பட்டைத் தூளும், காற்றுப் புகாத அடைப்புந்தான் இருந்தன.

இன்று நாம் ஏ.சி.யை டன் கணக்கில் வாங்குவதும் அந்தப் பனிக்கட்டியின் நினைவாகத்தான். ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே ஒரு டன் குளிர்ச்சி, ஏறக்குறைய 3.5 கிலோவாட். டன் என்ற சொல்லை வைத்துக்கொண்டோம், மரப்பட்டைத் தூளை மறந்துவிட்டோம்!

மறுப்புகளுக்கு விடை

"ஏ.சி. வைத்தவன் கவலை அது, ஏழைக்கு என்ன?" என்பது முதல் மறுப்பு. ஏழையின் வீட்டிலும் மின்விசிறி உண்டு. 75 வாட் விசிறி நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் இரு மாதங்களில் 72 யூனிட். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறி ஏறத்தாழ 30 வாட். அதே ஓட்டத்துக்கு 29 யூனிட். வேறுபாடு 43 யூனிட்! தகரக் கூரையின் கீழ் வாழ்பவனுக்கு வெள்ளைச் சுண்ணாம்பும் கீற்றுப் பந்தலும் எந்த எந்திரத்தைவிடவும் மேலானவை. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கை என ஒன்றையே வெளியிட்டது. கூரையின் நிறம் ஏழைக்கும் உரிய பொருளியல்.

"காற்றோட்டமே நம் மரபு, வீட்டை அடைத்துப் பூட்டுவது மேனாட்டு வழக்கம்" என்பது இரண்டாவது மறுப்பு. இதை நான் முழுமனத்தோடு ஏற்கின்றேன். முற்றமும் திண்ணையும் ஓட்டுக்கூரையும் காற்றை வரவேற்கக் கட்டியவை. அவற்றை அடைக்கச் சொல்பவன் அறிவிலி. நான் சொல்வது இதுதான்: சாளரத்தைத் திறப்பதும் மூடுவதும் நம் விருப்பமாக இருக்க வேண்டும், மரம் வற்றியதன் விளைவாக இருக்கக் கூடாது. இரவில் வெளிக்காற்று குளிர்ந்தால் எந்திரத்தை நிறுத்திச் சாளரத்தை அகலத் திற. எந்திரம் ஓடும்போது இடுக்கை அடை. பலர் உறங்கும் அறையில் அவ்வப்போது கதவைத் திறந்து காற்றை மாற்று. சமையலறையையும், காஸ் கீசர் இருக்கும் குளியலறையையும் ஒருபோதும் அடைக்காதே. அங்கே அடைப்பு உயிருக்கே உலை. எதை அடைப்பது, எதைத் திறப்பது என்று அறிவதே நோயறிதல்.

"இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது" என்பது மூன்றாவது மறுப்பு. அரசு செய்யாமல் இல்லை. 2001இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2002இல் எரிசக்தித் திறன் பணியகம் தோன்றியது. 2006இல் நட்சத்திரச் சீட்டு ஒட்டத் தொடங்கினர். குடியிருப்புகளுக்கென ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பு 2018இல் வெளியாயிற்று. 2020 முதல் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று விதித்தனர். எல்லாம் நல்லவை. ஆனால் கடையில் எந்திரத்தின் நெற்றியில் ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்கி வந்து, இரண்டு சில்லு உடைந்த அறையில் மாட்டினால், அந்தச் சீட்டு என்ன செய்யும்? சைக்கிள் ட்யூபை வெட்டி ஆணி அடிக்க அரசு வர முடியாது.

யாருக்கு இலாபம்?

இனி என் பாடத்துக்கு வருகின்றேன். பெரிய எந்திரத்தை விற்றால் கடைக்காரருக்கு இலாபம், தரகருக்குப் பங்கு, கடன் கொடுப்பவருக்கு வட்டி. வாங்கியவருக்கும் ஒரு பெருமை. வீட்டுக்கு வருபவரிடம் காட்டலாம். ஓட்டையை அடைத்தால் யாருக்கு என்ன? கதவின் அடியிலுள்ள சைக்கிள் ட்யூபை எந்த விருந்தாளியும் பாராட்டுவதில்லை. கசிவைக் கண்டுபிடிப்பவனுக்குக் கமிஷன் கிடையாது. கண்டுபிடித்துக் கொடுத்த பின்னும் அவன் கூலியில் கால் பங்கைக் குறைக்கின்றோம். பொருளுக்குப் பணம் கொடுக்கக் கூசாத நாம், கவனத்துக்குப் பணம் கொடுக்கக் கூசுகின்றோம். இந்த மனப்பான்மைதான் எல்லா ஓட்டைகளிலும் பெரிய ஓட்டை என்பேன். நேர்மையான ஒரு மெக்கானிக்கை, மூன்று முறை இப்படிக் குறைத்துக் கொடுத்தால், நான்காம் முறை அவரும் "ஆமாம்" என்று சொல்லிவிடுவார். அந்தப் பழி அவரைச் சேருமா, நம்மைச் சேருமா?

வருவாய் வரும் வழி சிறிதாயினும், செலவு போகும் வழி விரியாதிருந்தால் கேடில்லை என்பது வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் தரும் கருத்து. அரசர்க்குச் சொன்னது அது. மின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் என் தந்தைக்கும் பொருந்துகின்றது.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

அறிவுரை கூறி முடிப்பது எளிது. ஆகவே ஒரு வேலைத்திட்டத்தையே முன்வைக்கின்றேன். நம் கணிப்பொறி ஆய்வகத்தில் இரண்டு ஏ.சி.கள் ஓடுகின்றன. அவற்றின் எதிரிலேயே ஒரு சாளரத்தின் கண்ணாடி, நான் முதலாண்டு சேர்ந்த நாள் முதல், அட்டையால் மூடப்பட்டிருக்கின்றது. யாரையும் குறை கூற இதைச் சொல்லவில்லை. மூன்றாண்டுகளாக அதன் எதிரே அமர்ந்து, "ஏ.சி. சரியில்லை" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கட்டும். இயற்பியல் துறை வெப்பமானி தரட்டும். பொருளியல் துறை மின்மானியின் எண்ணைக் குறித்துக் கணக்கு வைக்கட்டும். ஊதுபத்தி நான் வாங்கித் தருகின்றேன். இடுக்குகளைக் கண்டு, சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, கையால் அடைக்கக் கூடியவற்றை அடைப்போம். அடைக்கும் முன் ஒரு மாதம், அடைத்த பின் ஒரு மாதம் எவ்வளவு ஓடியது என்பதை அடுத்த ஆண்டு மலரில், நான் இல்லாவிட்டாலும், என் தம்பியர் யாராவது எழுதட்டும். குறையவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதட்டும். அதுவும் ஓர் அறிவுதான்.

இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும் நண்பர்களே, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். புகை எங்கே வளைகின்றது என்று பாருங்கள். அங்கே அடைத்துவிட்டு, அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் எந்திரம் வாங்குங்கள். இடையில் ஒரு மெக்கானிக் வந்து, எதையும் விற்காமல் ஓட்டையை மட்டும் காட்டிவிட்டுப் போனால், அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.